யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் வாக்களிப்பு வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாண மாவட்டமும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டமும் ஒன்றா?

இல்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி இலங்கை 22 தேர்தல் மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டபோது பத்தாம் இலக்கம் பெற்றது யாழ்ப்பாணம். கிளிநொச்சி 1984இல் தனி நிர்வாக மாவட்டமாகிவிட்ட போதிலும், பாராளுமன்ற, ஜனாதிபதித் தேர்தல்களில் அது இன்றும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு உட்பட்டதே. ஊர்காவற்றுறை, வட்டுக்கோட்டை, காங்கேசன்துறை, மானிப்பாய், கோப்பாய், உடுப்பிட்டி, பருத்தித்துறை, சாவகச்சேரி, நல்லூர், யாழ்ப்பாணம், கிளிநொச்சி ஆகிய பதினொன்றும் முன்னர் தனித்தனி உறுப்பினர்களைத் தெரிவுசெய்த தொகுதிகள். இப்போது அவை முடிவுகளை வெளியிடுவதற்கான பிரிவுகளாக மட்டுமே நீடிக்கின்றன. மாகாண சபைத் தேர்தலில் மட்டும் கணக்கு வேறு. அங்கு நிர்வாக மாவட்டமே அலகு என்பதால் கிளிநொச்சி தனியாக எண்ணப்படுகிறது. பழைய முடிவுகளை ஒப்பிடுவோர் மிகுதியாகத் தடுமாறும் இடம் இதுதான்.

சர்வசன வாக்குரிமை கிடைத்த முதல் தேர்தலில் யாழ்ப்பாணம் யாரைத் தெரிவுசெய்தது?

யாரையும் தெரிவுசெய்யவில்லை. 21 வயது நிரம்பிய ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை அளித்த டொனமூர் அரசியலமைப்பின்கீழ் 1931இல் அரசாங்க சபைத் தேர்தல் நடந்தபோது, அந்த அரசியலமைப்பு முழுமையான சுயராச்சியத்தைத் தரவில்லை என்று கூறி யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைப்பு விடுத்தது. ஹன்டி பேரின்பநாயகம் போன்றோர் முன்னின்ற அந்த இயக்கத்தின் அழைப்பை ஏற்று, யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. தென்னிலங்கையின் ஏனைய அமைப்புகளும் இவ்வழியைப் பின்பற்றும் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. நான்கு ஆசனங்களும் 1934இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை வெறுமையாகவே இருந்தன. அந்த இடைத்தேர்தலில் பருத்தித்துறையிலிருந்து சபைக்குள் நுழைந்தவர் ஜி. ஜி. பொன்னம்பலம்.

வாக்களிப்பு வரலாறு வாக்களிக்காமையில் தொடங்கியது என்பதை நினைவில் வைத்திருப்பது நல்லது. பின்னர் வந்த பல தேர்தல்களிலும், வென்றவர் யார் என்பதற்கு முன் வாக்களித்தோர் எத்தனை பேர் என்பதைப் பார்க்க வேண்டிய மாவட்டம் இது.

1947ஆம் ஆண்டின் முதல் பாராளுமன்றத் தேர்தலில் நடந்தது என்ன?

அப்போது யாழ்ப்பாணத்துக்கு ஏழு தொகுதிகள் இருந்தன. அவற்றுள் ஆறை அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் வென்றது. ஊர்காவற்றுறை மட்டும் சுயேச்சை வேட்பாளரான ஏ. எல். தம்பிஐயாவுக்குச் சென்றது. யாழ்ப்பாணத் தொகுதியில் பொன்னம்பலம், அன்றைய உள்நாட்டு அமைச்சரான அருணாசலம் மகாதேவாவைத் தோற்கடித்தார். காங்கேசன்துறையில் சா. ஜே. வே. செல்வநாயகமும் கோப்பாயில் கு. வன்னியசிங்கமும் காங்கிரஸ் வேட்பாளர்களாகவே வென்றனர். பொன்னம்பலம் 1948இல் டி. எஸ். சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்ததும், மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டங்களும் கட்சியைப் பிளந்தன. செல்வநாயகம், வன்னியசிங்கம், செனட்டர் ஈ. எம். வி. நாகநாதன் ஆகியோர் 1949 டிசம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சியை நிறுவினர்.

தமிழரசுக் கட்சி தொடக்கத்திலிருந்தே யாழ்ப்பாணத்தில் பெரும் ஆதரவு பெற்றிருந்ததா?

அப்படி ஒரு நம்பிக்கை பரவலாக உண்டு. முடிவுகள் அதற்கு மாறாக உள்ளன. 1952இல் அக்கட்சி யாழ்ப்பாணத்தில் வென்றது கோப்பாய் ஒன்றை மட்டுமே. கட்சியின் தலைவரான செல்வநாயகமே காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசபிள்ளையிடம் தோற்றார். சமஷ்டி (கூட்டாட்சி) என்ற கொள்கையை வாக்காளர் முதல் தடவையில் ஏற்கவில்லை என்பதே இதன் பொருள். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கும் தனிச் சிங்களச் சட்டம் பற்றிய வாக்குறுதி தெற்கில் முழங்கிய 1956இல்தான் நிலைமை தலைகீழானது. அவ்வாண்டில் தமிழரசுக் கட்சி வடக்கு கிழக்கில் 10 ஆசனங்களைப் பெற்றது. அந்த அலையிலும் யாழ்ப்பாணத் தொகுதியைப் பொன்னம்பலம் தக்கவைத்தார். பருத்தித்துறையில் கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையா வென்றார். இடதுசாரி ஒருவர், பருத்தித்துறை அடங்கிய வடமராட்சியில் வென்றதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது: சாதி ஒடுக்குமுறைக்கு எதிரான போராட்டங்களில் இடதுசாரிகள் பெற்றிருந்த மதிப்பும் ஆசிரியர்களிடையே அவர்களுக்கு இருந்த செல்வாக்கும் அதற்குப் பின்னணியாக இருந்தன.

1960களில் போட்டி எவ்வாறு இருந்தது?

1959ஆம் ஆண்டின் எல்லை நிர்ணயத்தில் உடுவில், நல்லூர், உடுப்பிட்டி, கிளிநொச்சி ஆகியவை உருவாகி, தொகுதிகளின் எண்ணிக்கை பதினொன்றாயிற்று. பின்னர் உடுவிலின் இடத்தில் மானிப்பாய் வந்தது. பெரும்பாலான தொகுதிகளில் தமிழரசுக் கட்சி முன்னணியில் இருந்தாலும் யாழ்ப்பாண நகரம் அதன் பிடிக்குள் எளிதில் வரவில்லை. 1960இல் அங்கு பொன்னம்பலத்தைத் தோற்கடித்தவர் சுயேச்சையாக நின்ற அல்பிரட் துரையப்பா; 1965இல் பொன்னம்பலம் ஆசனத்தை மீட்டார்; 1970இல் துரையப்பாவை மிகச் சிறிய வித்தியாசத்தில் பின்தள்ளித் தமிழரசுக் கட்சியின் சி. எக்ஸ். மார்ட்டின் வென்றார். ஒரே தொகுதி, பத்தாண்டுக்குள் மூன்று வெவ்வேறு அரசியல்.

1970ஆம் ஆண்டுத் தேர்தல் தலைவர்களுக்கு இரக்கம் காட்டவில்லை. வட்டுக்கோட்டையில் அ. அமிர்தலிங்கம், நல்லூரில் நாகநாதன், யாழ்ப்பாணத்தில் பொன்னம்பலம், உடுப்பிட்டியில் மு. சிவசிதம்பரம் என இரு கட்சிகளின் முதல் வரிசையினரும் ஒரே நாளில் தோற்றனர். அமிர்தலிங்கத்தை வென்ற அ. தியாகராசாவும், நாகநாதனை வென்ற சி. அருளம்பலமும் தமிழ்க் காங்கிரஸின் வேட்பாளர்கள். இருவரும் பின்னர் அரசாங்கத்தின் பக்கம் சாய்ந்தனர்.

செல்வநாயகம் ஏன் தமது ஆசனத்தைத் துறந்தார்? இடைத்தேர்தல் ஏன் அவ்வளவு தாமதமானது?

1972ஆம் ஆண்டு குடியரசு அரசியலமைப்பைத் தமிழ் மக்கள் ஏற்கவில்லை என்பதை வாக்கெடுப்பின் மூலம் காட்டுவதற்காக, அவ்வாண்டு அக்டோபரில் அவர் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்து, அதே தொகுதியில் தம்மை எதிர்த்துப் போட்டியிடுமாறு அரசாங்கத்துக்கு அறைகூவல் விடுத்தார். அரசாங்கம் பாதுகாப்பு நிலைமையைக் காரணம் காட்டி இடைத்தேர்தலைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான காத்திருப்புக்குப் பின்னர் 1975 பெப்ரவரி 6ஆம் திகதி வாக்களிப்பு நடந்தபோது, அரசாங்கத்தில் அங்கம் வகித்த கம்யூனிஸ்ட் கட்சியின் வ. பொன்னம்பலத்தை அவர் 16,000க்கும் மேற்பட்ட பெரும்பான்மையால் வென்றார். ஒரு தொகுதியின் இடைத்தேர்தலைக் கொள்கை மீதான மக்கள் தீர்ப்பாக மாற்ற முயன்ற எடுத்துக்காட்டு, இம்மாவட்டத்தில் இதற்கு முன்னும் பின்னும் இல்லை.

1977ஆம் ஆண்டுத் தேர்தல் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

முன்னர் எதிரெதிராக நின்ற தமிழரசுக் கட்சியும் தமிழ்க் காங்கிரஸும் ஓரணியில் நின்ற தமிழர் விடுதலைக் கூட்டணி, தனிநாட்டைக் கோரிய 1976ஆம் ஆண்டின் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை முன்வைத்து ஆணை கேட்ட தேர்தல் அது. செல்வநாயகம் தேர்தலுக்கு மூன்று மாதங்களுக்கு முன் காலமாகிவிட்டார். கூட்டணி யாழ்ப்பாணத்தின் பதினொரு தொகுதிகளையும் கைப்பற்றியது. நாடு முழுவதும் அதற்குக் கிடைத்த ஆசனங்கள் 18. தெற்கில் சிறிலங்கா சுதந்திரக் கட்சி எட்டு ஆசனங்களாகச் சுருங்கிவிட்டதால், காங்கேசன்துறையில் வென்ற அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். யாழ்ப்பாணத் தொகுதிகள் அனைத்தும் ஒரே சின்னத்துக்குச் சென்றது அந்த ஒருமுறைதான். அந்த ஓராண்டின் முடிவை முழு வரலாற்றின் மீதும் ஏற்றிப் பேசுவது பொருந்தாது.

1982இல் நடந்த இரு வாக்கெடுப்புகளிலும் யாழ்ப்பாணம் எவ்வாறு வாக்களித்தது?

ஜனாதிபதித் தேர்தலைப் புறக்கணிக்குமாறு கூட்டணி கேட்டிருந்தும், வாக்காளரில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வாக்களித்தனர். தமிழ்க் காங்கிரஸின் குமார் பொன்னம்பலம் ஏறத்தாழ 40 சதவீதத்துடன் முதலிடம் பெற்றார். வியப்பு இரண்டாம் இடத்தில் இருந்தது: சுதந்திரக் கட்சியின் ஹெக்டர் கொப்பேகடுவ 35 சதவீத அளவில் பெற்று, ஜே. ஆர். ஜெயவர்தனவைப் பின்தள்ளினார். 1970களில் வெங்காயம், மிளகாய் இறக்குமதி தடுக்கப்பட்டிருந்த காலத்தில் வலிகாமம், வடமராட்சிக் கமக்காரர் ஈட்டிய வருமானமும், 1977க்குப் பின் சந்தை திறந்துவிடப்பட்டதால் அவர்கள் அடைந்த நட்டமும் அந்த வாக்குகளில் தெரிகின்றன. இனப் பிரச்சினையை மட்டும் வைத்து யாழ்ப்பாண வாக்கை விளக்குவோர் இந்த முடிவைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள், அது தவறு.

அவ்வாண்டு டிசம்பரில் பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தலின்றி நீடிப்பதற்கான சர்வசன வாக்கெடுப்பில், யாழ்ப்பாணத்தில் பத்தில் ஒன்பது வாக்குகளுக்கு மேல் அதற்கு எதிராக விழுந்தன. எனினும் நாடளாவிய பெரும்பான்மையால் ஆயுள் நீண்டது. அவ்வாறு நீண்ட பாராளுமன்றத்தில், பிரிவினையை நிராகரிக்கும் சத்தியப்பிரமாணத்தை வேண்டிய 1983ஆம் ஆண்டின் ஆறாம் திருத்தத்தை ஏற்க மறுத்த கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தனர்.

விகிதாசார முறை எதை மாற்றியது?

தொகுதிக்கு ஒருவர் என்ற முறை போய், மாவட்டம் முழுவதற்கும் ஒரு பட்டியல் என்றாயிற்று. செல்லுபடியான வாக்குகளில் 5 சதவீதத்தை எட்டாத கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் பங்கீட்டிலிருந்து விலக்கப்படும். அதிக வாக்குப் பெற்ற பட்டியலுக்குப் போனஸ் ஆசனம் ஒன்று கிடைக்கும். மீதி ஆசனங்கள் வாக்குகளுக்கு ஏற்பப் பகிரப்படும். ஒரு வாக்காளர் தாம் தெரிந்த பட்டியலில் மூவருக்கு வரை விருப்பு வாக்கு அளிக்கலாம். இதனால் எதிர்க்கட்சிகளை விடச் சொந்தப் பட்டியலில் உள்ளவரே வேட்பாளருக்கு நெருங்கிய போட்டியாளராகிவிட்டார். இன்றைய யாழ்ப்பாணக் கட்சிகளின் உட்பூசல்களில் பாதிக்கு இந்த விருப்பு வாக்கே வேர்.

போர்க்காலத்துத் தேர்தல்களின் முடிவுகளை நம்பலாமா?

எண்ணப்பட்ட வாக்குகள் உண்மையானவையாக இருந்தாலும், அவை மக்களின் விருப்பைக் காட்டும் என்று சொல்ல முடியாது. 1989இல் 11 ஆசனங்களுள் எட்டை ஈரோஸ் என்ற தமிழ்ப் போராளி அமைப்பு சார்ந்த சுயேச்சைக் குழு வென்றது. 1994 ஆகஸ்டில் குடாநாட்டின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்ததால், கடற்படை நிலைகொண்டிருந்த தீவுப் பகுதி போன்ற சில இடங்களிலும், இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த ஊர்களிலும் மட்டுமே வாக்களிக்க முடிந்தது. 596,366 பதிவுசெய்த வாக்காளர்களில் வாக்களித்தோர் 2.34 சதவீதம். ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியின் (ஈ.பி.டி.பி.) சுயேச்சைக் குழு 10,744 வாக்குகளைக் கொண்டு பத்து ஆசனங்களில் ஒன்பதைப் பெற்றது. மீதி ஒன்று முஸ்லிம் காங்கிரஸுக்குக் கிடைத்தது. 1990 அக்டோபரில் புலிகளால் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தங்கியிருந்த முஸ்லிம்களின் வாக்குகள் அதற்கு அடிப்படையாக இருந்தன. துரத்தப்பட்ட ஒரு சமூகம் தன் சொந்த மாவட்டத்துக்கு வெளியிலிருந்து அதன் உறுப்பினரைத் தெரிவுசெய்த அந்த முடிவை, குறைந்த வாக்களிப்பின் விநோதம் என்று கடந்துவிடக் கூடாது.

தேர்தலில் நின்றவர்கள் எத்தகைய ஆபத்தை எதிர்கொண்டனர்?

பட்டியல் நீளமானது. துரையப்பா யாழ்ப்பாண மேயராக இருந்தபோது 1975 ஜூலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 1970இல் வட்டுக்கோட்டையை வென்ற தியாகராசா, 1981ஆம் ஆண்டு மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிப் பட்டியலுக்குத் தலைமை தாங்கியபோது கொல்லப்பட்டார். யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதும் அதே தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன்னர்தான். மானிப்பாயின் வி. தர்மலிங்கமும் கோப்பாயின் ம. ஆலாலசுந்தரமும் 1985 செப்டெம்பரில் ஒரே நாளில் கொல்லப்பட்டனர். அமிர்தலிங்கமும் யாழ்ப்பாணத் தொகுதியின் முன்னாள் உறுப்பினர் வெ. யோகேஸ்வரனும் 1989 ஜூலையில் கொழும்பில் கொல்லப்பட்டனர். யாழ்ப்பாண மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்களான நடராஜா ரவிராஜ் 2006 நவம்பரிலும் தி. மகேஸ்வரன் 2008ஆம் ஆண்டின் முதல் நாளிலும் அதே நகரில் உயிரிழந்தனர். கொன்றவர்கள் ஒரே தரப்பினர் அல்லர். மூன்று தசாப்தங்களில் ஒரு மாவட்டம் தன் பிரதிநிதிகளை இவ்வாறு இழந்தால், அங்கு வேட்புமனுவில் கையெழுத்திடத் துணிந்தவர் யார் என்பதே தேர்தல் முடிவின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எப்போது வந்தது?

2000ஆம் ஆண்டில் ஒன்பது ஆசனங்களை நான்கு தரப்புகள் பங்கிட்டுக்கொண்டன: ஈ.பி.டி.பி. நான்கு, தமிழர் விடுதலைக் கூட்டணி மூன்று, ஐக்கிய தேசியக் கட்சியும் தமிழ்க் காங்கிரஸும் ஒவ்வொன்று. 2001இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் கூட்டமைப்பாகப் போட்டியிட்ட கட்சிகள் ஆறு ஆசனங்களைப் பெற்றன. சின்னம் பற்றிய பிணக்கு நீதிமன்றம் வரை சென்றதால் 2004இல் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கு மாறிய கூட்டமைப்பு, 90 சதவீத வாக்குகளுடன் எட்டு ஆசனங்களை வென்றது. அப்போது புலிகளின் வெளிப்படையான ஆதரவு கூட்டமைப்புக்கு இருந்ததையும், எதிர்த்தரப்புகள் சுதந்திரமாகப் பிரசாரம் செய்ய இயலாத நிலை இருந்ததையும் சேர்த்தே அந்த 90 சதவீதத்தை வாசிக்க வேண்டும்.

2005ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத்தின் பங்கு என்ன?

பதிவுசெய்த 701,938 வாக்காளர்களில் வாக்களித்தோர் 8,524 பேர், அதாவது 1.21 சதவீதம். புலிகள் நடைமுறைப்படுத்திய பகிஷ்கரிப்பே காரணம். மகிந்த ராஜபக்ச ரணில் விக்கிரமசிங்கவை நாடளாவிய ரீதியில் ஏறத்தாழ 181,000 வாக்குகளால் மட்டுமே முந்தினார். வடக்கில் வழமையான வாக்களிப்பு நடந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று பலரும் கருதுகின்றனர். எண்களைப் பார்க்கும்போது அக்கருத்தை எளிதில் மறுக்க முடியாது.

யாழ்ப்பாணத்தின் ஆசனங்கள் ஏன் குறைந்துகொண்டே வந்தன?

1989இல் 11, 1994இல் 10, 2000 முதல் 2010 வரை ஒன்பது, 2015இலும் 2020இலும் ஏழு, 2024இல் ஆறு. மாவட்டங்களுக்குரிய ஆசனங்களில் பெரும்பகுதி பதிவுசெய்த வாக்காளர் தொகைக்கு ஏற்பவே ஒதுக்கப்படுகிறது. போர்க்காலத்தில் வாக்காளர் இடாப்பைச் சரியாகத் திருத்த முடியாததால், புலம்பெயர்ந்தவர்களின் பெயர்களும் இறந்தவர்களின் பெயர்களும் அதில் நீண்டகாலம் தங்கிவிட்டன. 2010இல் 721,359 ஆக இருந்த இடாப்பு, மீளாய்வுக்குப் பின்னர் 2015இல் 529,239 ஆகச் சுருங்கியது. போர் வெளியேற்றிய மக்களின் அளவை இதைவிடத் துல்லியமாகக் காட்டும் அரச ஆவணம் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. 2024இல் தொகை 593,187 ஆக உயர்ந்தபோதிலும், பிற மாவட்டங்கள் இன்னும் வேகமாக வளர்ந்ததால் மேலும் ஓர் ஆசனம் போயிற்று.

போருக்குப் பின்னர் வாக்களிப்பு உடனே வழமைக்குத் திரும்பியதா?

திரும்பவில்லை. 2010 ஏப்ரலில் வாக்களித்தோர் 23 சதவீதமே. இடாப்பில் ஆளில்லாப் பெயர்கள் நிறைந்திருந்ததும் இதற்கு ஒரு காரணம். கூட்டமைப்பு ஐந்து, ஈ.பி.டி.பி. அங்கம் வகித்த ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு மூன்று, ஐக்கிய தேசியக் கட்சி ஒன்று என ஆசனங்கள் பிரிந்தன. 2015இல் கூட்டமைப்பு 207,577 வாக்குகளுடன் ஏழில் ஐந்தைப் பெற்றது. ஐந்தே ஆண்டுகளில் அந்த வாக்கு 112,967 ஆக, ஏறத்தாழப் பாதியாக, வீழ்ந்தது. 2020இல் கூட்டமைப்புக்கு மூன்று ஆசனங்கள் எஞ்ச, தமிழ்க் காங்கிரஸ், ஈ.பி.டி.பி., சுதந்திரக் கட்சி, சி. வி. விக்னேஸ்வரனின் தமிழ் மக்கள் தேசியக் கூட்டணி ஆகியவை ஒவ்வொன்றைப் பெற்றன.

2024இல் தேசிய மக்கள் சக்தி எவ்வாறு முதலிடம் பெற்றது?

செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்கவுக்கு யாழ்ப்பாணத்தில் கிடைத்தவை 27,086 வாக்குகள். நவம்பர் 14ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தலில் அவரது கட்சியான தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்குகளைப் பெற்றது. தமிழரசுக் கட்சிக்கு 63,327; தமிழ்க் காங்கிரஸுக்கு 27,986; இராமநாதன் அர்ச்சுனாவின் சுயேச்சைக் குழுவுக்கு 27,855. கால்வாசி வாக்குகளைப் பெற்ற கட்சிக்கு ஆறில் மூன்று ஆசனங்கள் கிடைத்தன: போனஸாக ஒன்று, பங்கீட்டில் இரண்டு. மற்ற மூவருக்கும் ஒவ்வொன்று.

இதைத் தமிழ்த் தேசிய அரசியலின் நிராகரிப்பு என்று கொண்டாடியவர்களும் இருந்தனர், வெறும் வாக்குச் சிதறல் என்று தேற்றிக்கொண்டவர்களும் இருந்தனர். இரண்டும் அரைகுறை விளக்கங்களே. கூட்டமைப்பின் பங்காளிகள் பிரிந்து தனித்தனிப் பட்டியல்களில் நின்றதால் வாக்குகள் சிதறியது உண்மை. ஆனால் எட்டு வாரங்களுக்குள் ஒரு தென்னிலங்கைக் கட்சியின் வாக்கு மூன்று மடங்கானதைச் சிதறல் விளக்காது. தமிழரசுக் கட்சியின் எம். ஏ. சுமந்திரனும் ஈ.பி.டி.பி. தலைவர் டக்ளஸ் தேவானந்தாவும் தோற்றதைப் பார்த்தால், பழகிய முகங்கள் மீதான சலிப்புக்கும் அதில் பங்குண்டு என்று தோன்றுகிறது. 1970இல் தலைவர்களைத் தோற்கடித்த மாவட்டத்துக்கு அது புதிய பழக்கமும் அல்ல.

மாகாண சபைத் தேர்தலில் யாழ்ப்பாணம் எத்தனை முறை வாக்களித்துள்ளது?

ஒரே ஒரு முறை. 1988இல் இணைந்த வடக்கு கிழக்கு மாகாண சபைக்கு வடக்கில் போட்டியே இல்லாமல் உறுப்பினர் தெரிவாயினர். இரு மாகாணங்களின் இணைப்பு செல்லாது என்று உயர் நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்த பின்னர், 2013 செப்டெம்பர் 21ஆம் திகதிதான் வட மாகாண சபைக்கு முதல் வாக்களிப்பு நடந்தது. யாழ்ப்பாண நிர்வாக மாவட்டத்தின் 16 ஆசனங்களில் கூட்டமைப்பு 14ஐ வென்றது. முதலமைச்சரான விக்னேஸ்வரன் 132,255 விருப்பு வாக்குகளையும், அவருக்கு அடுத்த இடத்தில் அனந்தி சசிதரன் 87,870 விருப்பு வாக்குகளையும் பெற்றனர். வாக்களிப்பு 64 சதவீதத்தைத் தாண்டியது. அச்சபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் தொகுதி முறையையும் விகிதாசார முறையையும் இணைத்த கலப்பு முறையைக் கொண்டுவந்த சட்டத் திருத்தத்துக்கு வேண்டிய எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018 ஆகஸ்டில் நிராகரித்துவிட்டதால், பழைய முறையும் இல்லை, புதிய முறைக்கான எல்லைகளும் இல்லை என்ற நிலை உருவாயிற்று. அதன் பிறகு மாகாணத்தின் நிர்வாகம் ஆளுநரின் கையிலேயே இருந்து வந்துள்ளது.